வலிக்காத கட்டிதானே என்று விட்டுவிடலாமா?

நமது தோட்டங்களில் முதுகிலோ, தோளிலோ, பிடரியிலோ, தொடையிலோ ஒரு கட்டியோடு மலைக்குப் போய் வருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். கேட்டால், "அது பாட்டுக்கு கெடக்கு, வலி ஒண்ணுமில்லீங்க" என்பார்கள். பட்டாணி அளவில் தொடங்கிய கட்டி தேங்காய் அளவுக்கு வந்த பிறகும் அதே பதில்தான். பெண்கள் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்கிறார்கள். ஆண்கள் பழைய கோட்டை மாட்டிக்கொள்கிறார்கள்.

இப்படி மறைப்பதற்கு இரண்டு பயங்கள் காரணம். ஒன்று, "ஆஸ்பத்திரிக்குப் போனா புற்றுநோய்னு சொல்லிருவாங்களோ" என்ற பயம். மற்றது, "கட்டியில கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிரும்" என்ற பயம். இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் கட்டி மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தக் கட்டிகள் என்ன, டொக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார், எப்படி எடுக்கிறார்கள், எப்போது அவசரமாகப் போக வேண்டும் என்பவற்றைப் பார்ப்போம்.

சாதாரணக் கட்டியும் புற்றுநோய்க் கட்டியும்

நமது உடம்பு கோடிக்கணக்கான சிறு சிறு உயிர்க்கலங்களால் ஆனது. ஓரிடத்தில் உள்ள கலங்கள் தேவைக்கு மேல் பெருகினால் அது கட்டியாகிறது. சாதாரணக் கட்டி பெரும்பாலும் தன் இடத்தை விட்டுப் போகாது. பக்கத்துச் சதையைத் தள்ளுமே தவிர, அதை அரித்துக்கொண்டு உள்ளே நுழையாது. இரத்தத்தோடு போய் நுரையீரலிலோ ஈரலிலோ குடியேறாது. புற்றுநோய்க் கட்டியோ இவை எல்லாவற்றையும் செய்யக்கூடியது.

தோலிலும் தோலுக்கு அடியிலும் வருகிற கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. அவற்றில் நாம் அதிகம் காண்பவை நான்கு வகை.

கொழுப்புக் கட்டி: தோலுக்கும் தசைக்கும் நடுவிலுள்ள கொழுப்பு ஓரிடத்தில் மட்டும் கூடி, மெல்லிய பைக்குள் வளர்வது. சுமார் நூறு பேரில் ஒருவருக்கு இது வருகிறது. 40 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் அதிகம். தொட்டால் மெத்தென்று இருக்கும். விரலால் ஓரத்தை அழுத்தினால் வழுக்கி நகரும். கொழுப்புச் சாப்பாடு சாப்பிட்டதால் வருவதல்ல, மெலிந்தவர்களுக்கும் வரும். பட்டினி கிடந்தாலும் கரையாது. பெரும்பாலானவை 5 சென்ரிமீற்றருக்குள் நின்றுவிடும். 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தாலோ, ஒரு கிலோவுக்கு மேல் நிறை இருந்தாலோ அதை 'இராட்சதக் கொழுப்புக் கட்டி' என்று டொக்டர்மார் தனியாகவே பிரித்துச் சொல்கிறார்கள். ஒரு கிலோ கொழுந்து என்றால் மாலையில் மடுவத்தில் இறக்கி நிறுத்துவிடலாம். ஒரு கிலோ கட்டியை எங்கே இறக்குவது?

பைக் கட்டி: தோலிலுள்ள ஒரு சிறு பை உள்பக்கமாக அடைபட்டு, தோலின் கழிவு அதற்குள் சேர்ந்துகொண்டே வருவதால் உண்டாவது. முதுகிலும் முகத்திலும் வருபவற்றின் நடுவில் பல சமயம் ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். பிதுக்கினால் வெள்ளை மாவு போல நாற்றத்துடன் வரும். அது சீழ் அல்ல. தலையில் வருகிற பைக் கட்டி தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்ந்தே வருவதுண்டு. கூடைக் கயிறு அதன் மேல் உராய்ந்தால் புண்ணாகிக் கிருமி நுழையும். பிதுக்கி வெளியேற்றினால் தற்காலிகமாகச் சின்னதாகும். பை உள்ளே இருக்கும்வரை மீண்டும் நிரம்பும்.

நரம்புக் கட்டி: நரம்பைச் சுற்றியுள்ள உறையில் வளர்வது. ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பெரிய விடயமல்ல. உடம்பெல்லாம் பரவலாக இருந்தால் அது பிறவியிலேயே உள்ள ஒரு நிலை. சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. ஜெர்மனி நாட்டு மருத்துவர் ரெக்லிங்ஹவுசன் 1882இல் இதை விளக்கி எழுதினார். சிறு வயதிலேயே உடம்பில் பால் தேத்தண்ணி நிறத்தில் தட்டையான மறுக்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் இந்த நிலையாக இருக்கலாம். பிள்ளையை டொக்டரிடம் காட்ட வேண்டும். இவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வருகிறது. மீதிப் பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே புதிதாக வருகிறது. இது தொற்று நோயல்ல, குஷ்டமல்ல, யாருடைய சாபமும் அல்ல. ஒரே பீலியில் குளிப்பதாலோ ஒரே கோப்பையில் குடிப்பதாலோ ஒட்டாது. இவர்களைத் தள்ளிவைப்பது நாம் செய்கிற பாவம். சிலருக்கு இந்தக் கட்டி இடுப்பிலோ முகத்திலோ மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அளவுக்குப் பெரிதாவதுண்டு. சிலருக்குப் பிற்காலத்தில் புற்றுநோயாக மாறவும் கூடும். ஆகையால் இவர்கள் தொடர்ந்து கிளினிக்கில் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தழும்புக் கட்டி: காது குத்திய இடம், தீக்காயம், வெட்டுக்காயம், ஊசி போட்ட இடம் ஆகியவற்றில் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டித் தடிப்பாக வளர்வது. அரிக்கும், சில சமயம் வலிக்கும். காது மடலில் நெல்லிக்காய் அளவுக்கும் வளரும். இதில் ஒரு விடயத்தை முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். தழும்புக் கட்டியை வெறுமனே வெட்டி எடுத்தால், பாதிக்குப் பாதி பேருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டவர்களுக்கு மீண்டும் வளர்கிறது. முன்னதை விடப் பெரிதாகவும் வளரலாம். அதனால் முதலில் அதற்குள் ஊசி மருந்து போடுவார்கள்; வெட்டினாலும் கூடவே ஊசியும் அழுத்தக் கட்டும் கொடுப்பார்கள். ஒருமுறை இப்படி வந்தவர்கள் மீண்டும் காது மூக்குக் குத்தாமல் இருப்பது நல்லது.

ஆகவே எல்லாக் கட்டியும் ஒன்றல்ல, எல்லாக் கட்டியையும் வெட்ட வேண்டியதுமில்லை. இன்ன கட்டி என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

கண்டுபிடிப்பது எப்படி?

டொக்டர் முதலில் கேள்வி கேட்பார். எப்போது பார்த்தீர்கள்? அப்போது என்ன அளவு? மெதுவாக வளர்ந்ததா, அண்மையில் திடீரென்று வளர்ந்ததா? வலி உண்டா? முன்பு ஒருமுறை எடுத்து மீண்டும் வந்ததா? இதற்கு உண்மையான பதில் சொல்லுங்கள். "இப்பத்தான் ரெண்டு மாசமா" என்று பத்து வருடக் கட்டியைச் சொன்னால், அவர் வேகமாக வளரும் கட்டி என்று நினைத்து வேறு வழியில் யோசிப்பார். "சின்ன வயசில இருந்தே இருக்கு" என்று இரண்டு மாதக் கட்டியைச் சொன்னால் அது அதைவிட ஆபத்து.

பிறகு தொட்டுப் பார்ப்பார். மெதுவா, கல் போலக் கெட்டியா? நகர்கிறதா, அடியில் ஒட்டியிருக்கிறதா? தோலுக்கு அடியிலா, தசைக்குள்ளா? பல சமயம் இந்தப் பரிசோதனையிலேயே விடயம் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஸ்கேன் எடுப்பார்கள். இதில் வலி இல்லை.

இங்கேதான் அளவு முக்கியமாகிறது. 5 சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய ஒரு நெருப்புப் பெட்டியின் நீளம். அதற்கு மேல் பெரிதான கட்டி, ஆழமான கட்டி, வளர்ந்துகொண்டிருக்கும் கட்டி, வலிக்கும் கட்டி, எடுத்த பின் திரும்ப வந்த கட்டி ஆகியவற்றை டொக்டர்மார் சும்மா விடுவதில்லை. இவற்றிலும் பல சாதாரணக் கட்டிகளாகவே முடியும். ஆனால் கொழுப்புக் கட்டி போலவே தோற்றமளிக்கும் புற்றுநோய் ஒன்று இருப்பதால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோ, ஊசியால் சிறு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியோ பார்த்த பிறகுதான் கத்தியை எடுப்பார்கள்.

ஆகையால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது கட்டி இருந்தால் நெருப்புப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தையற்காரர் நாடாவால் அளந்து திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். டொக்டருக்கு அது பெரிய உதவி.

கத்தி பட்டால் பரவுமா?

சாதாரணக் கட்டி வெட்டினாலும் பரவாது. பரவும் குணமே அதற்குக் கிடையாது.

அப்படியானால் இந்தப் பேச்சு எப்படி வந்தது? புற்றுநோய்க் கட்டியோடு வருடக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டு, தாங்க முடியாத கட்டத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. அப்போது நோய் உள்ளே ஏற்கெனவே பரவியிருக்கும். ஒப்பரேசன் செய்து சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். லயத்தில் உள்ளவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது கத்தி மட்டும்தான். உள்ளே பரவியிருந்தது யாருக்கும் தெரியவில்லை. பழி கத்தியின் மேல் விழுந்தது.

இதில் ஒரு சிறு உண்மையும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். புற்றுநோயாக இருக்கக்கூடிய கட்டியைச் சரியாகப் பரிசோதிக்காமல், கண்ட இடத்தில் அரைகுறையாக வெட்டினால் பின்னால் வைத்தியம் கஷ்டமாகும். எனவே கத்தி தப்பல்ல, பார்க்காமல் வெட்டுவதுதான் தப்பு. அதனால்தான் டொக்டர் ஒன்றுக்கு இரண்டு தடவை வரச்சொல்கிறார். "சும்மா அலைக்கழிக்கிறாங்க" என்று நினைத்து நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

ஒப்பரேசன் எப்படி நடக்கிறது?

சுமார் 200 வருடங்களுக்கு முன், நமது முன்னோர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கிய காலத்தில், இங்கிலாந்தை ஆண்ட நான்காம் ஜோர்ஜ் மன்னருக்குத் தலையில் ஒரு பைக் கட்டி இருந்தது. ஆஸ்லி கூப்பர் என்ற புகழ்பெற்ற வைத்தியர் அதை வெட்டி எடுத்தார். அதற்காக அவருக்குப் பரம்பரைப் பட்டம் கிடைத்தது. மயக்க மருந்து கொடுத்து ஒப்பரேசன் செய்வதை உலகம் 1846இல்தான் கண்டது. ஆகவே அந்த மன்னர் முழு உணர்வோடுதான் தலையை நீட்டியிருக்கிறார். இன்று நமது ஆஸ்பத்திரிக்குப் போகும் தொழிலாளிக்கு அந்த வேதனை இல்லை.

சிறிய கட்டி என்றால் அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஊசி குத்தும்போது வலிக்கும், அவ்வளவுதான். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.

பெரிய கட்டி என்றால் வாட்டில் நிறுத்துவார்கள். இரத்தம், சீனி, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். நமது பெண்கள் பலருக்கு இரத்தக் குறைவு இருப்பதால், முதலில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து இரத்தத்தைக் கூட்டிய பிறகு திகதி கொடுப்பதும் உண்டு. அந்த மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வெறும் கையோடு திகதிக்குப் போனால், திகதி தள்ளித்தான் போகும்.

முழு மயக்கம் கொடுப்பதற்கு முன் எத்தனை மணி முதல் சாப்பிடக்கூடாது என்று நர்ஸ் சொல்வார். சாதாரணமாகச் சாப்பாடு ஆறு மணித்தியாலத்துக்கு முன்பே நிறுத்தப்படும். "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று பால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தவறிக் குடித்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். சாராயம் குடிக்கும் பழக்கம், இதயத்துக்கோ இரத்தம் உறையாமல் இருக்கவோ சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து எதையும் மறைக்கக்கூடாது. தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி ஆகியவற்றைக் கழற்றச் சொல்வார்கள். இரத்தத்தை நிறுத்த மின்சாரக் கருவி பாவிப்பதால் உலோகம் உடம்பில் இருக்கக்கூடாது. இதில் அபசகுனம் ஒன்றுமில்லை. வீட்டுப் பெரியவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். தோலின் இயற்கையான கோடு போகும் திசையில் கீறுகிறார்கள். கட்டி பெரிதென்றால் அதன் மேல் இழுபட்டுத் தளர்ந்த தோலிலும் ஒரு பகுதியைக் கண் வடிவத்தில் எடுக்கிறார்கள். பிறகு கட்டியை அதன் உறையோடு, பக்கத்திலுள்ள நரம்புக்குச் சேதம் வராமல், மெதுவாகப் பிரிக்கிறார்கள். இரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாக அடைக்கிறார்கள். பெரிய கட்டி இருந்த இடம் பள்ளமாக இருக்கும். அங்கே நீர் தேங்காமல் இருக்க ஒரு சிறு குழாய் வைத்துத் தைப்பார்கள். குழாயில் இரத்தம் கலந்த தண்ணீர் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில நாட்களில் அதை எடுத்துவிடுவார்கள்.

எடுத்த கட்டியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். இந்த ரிப்போர்ட்தான் கடைசித் தீர்ப்பு. பலர் தையல் வெட்டியதோடு சரி, ரிப்போர்ட் பார்க்கப் போவதில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆயிரத்தில் ஒன்றாக வேறு முடிவு வந்தாலும், அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

தையலை முகத்தில் ஒரு வாரத்துக்குள்ளும், முதுகு போன்ற இடங்களில் இரண்டு வாரமளவிலும் வெட்டுவார்கள். டொக்டர் சொல்லும்வரை கூடை, விறகு, தண்ணீர்க் குடம், மருந்துத் தாங்கி எதையும் சுமக்கக்கூடாது. இரத்தம் நிற்காமல் கசிந்தால், காயம் சிவந்து வீங்கினால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால், எடுத்த இடம் மீண்டும் வீங்கி உள்ளே தண்ணீர் ஆடுவது போலிருந்தால் திகதி பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அக்காளும் தங்கையும் இருவருக்கும் தோளில் கொழுப்புக் கட்டி. தங்கை எலுமிச்சங்காய் அளவில் போகிறாள். மரத்துப்போகும் ஊசி, சின்னத் தழும்பு, மாலையில் வீடு. அக்காள், "தீபாவளி முடியட்டும், மகள் கல்யாணம் முடியட்டும்" என்று தேங்காய் அளவில் போகிறாள். முழு மயக்கம், குழாய், நீண்ட தழும்பு, வாட்டில் பல நாள், வேலைக்குத் திரும்பப் பல வாரம். நரம்புக்குப் பக்கத்தில் வளர்ந்திருந்தால் கை மரத்துப்போயும் இருக்கும். பேர் போய்விடுமே என்றுதான் அக்காள் போகாமல் இருந்தாள். கடைசியில் யாருக்கு அதிகம் பேர் போனது?

செய்யக்கூடாதவை

சூடு போடுவது, சுண்ணாம்பும் சோடாவும் வைப்பது, குதிரைமுடியால் அல்லது நூலால் இறுக்கிக் கட்டுவது, சவர அலகால் கீறுவது, பிதுக்குவது ஆகியவை புண்ணையும் கிருமியையும் உண்டாக்கும். உண்மையான நோயின் அடையாளத்தையும் மறைத்துவிடும். பிள்ளையின் நடு முதுகில், முள்ளந்தண்டின் மேல் பிறவியிலேயே வீக்கம் இருந்தால் அதைக் கையால் அழுத்தவும் கூடாது. அது முள்ளந்தண்டோடு தொடர்புள்ளதாக இருக்கலாம்.

தாமதிக்காமல் போக வேண்டியவை

1. நெருப்புப் பெட்டி நீளத்துக்கு மேல் வளர்ந்த கட்டி.
2. சில வாரங்களில் அல்லது மாதங்களில் வேகமாகப் பெருகும் கட்டி.
3. கல் போலக் கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டி.
4. வலிக்கும் கட்டி, அல்லது கை கால் மரத்துப்போகச் செய்யும் கட்டி.
5. மேலே புண்ணாகி ஆறாத, இரத்தம் கசியும் கட்டி. நிறமோ உருவமோ மாறும் மச்சம்.
6. எடுத்த பிறகு மீண்டும் வந்த கட்டி.
7. மார்பு, கழுத்து, அக்குள், கவட்டி ஆகிய இடங்களில் வரும் எந்தக் கட்டியும். இவை தோல் கட்டியாக இல்லாமல் வேறு நோயாக இருக்கலாம்.

எப்படிப் போவது?

முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்குங்கள். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை கிளினிக் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவையென்றால் அங்கிருந்து நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி போன்ற இடங்களிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கும் ஒப்பரேசனுக்கும் காசு கட்ட வேண்டியதில்லை. அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, சாப்பிடும் மாத்திரைகள், அளவு எழுதிய துண்டு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். சிங்களம் பேசத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் டொக்டர் சொல்வது முழுதாக விளங்கும். திரும்பும்போது வைத்தியச் சான்றிதழைக் கேட்டு வாங்கித் தோட்ட ஆபீசில் கொடுங்கள்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் உங்கள் டிவிஷன் நலன்புரி உத்தியோகத்தரிடமோ குடும்பநல மாதுவிடமோ சொல்லுங்கள். நாங்கள் கூட வருகிறோம். அதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. கட்டி சின்னதாக இருக்கும்போது வந்தால் உங்களுக்கும் சுகம், எங்களுக்கும் சந்தோசம்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்